சொர்ணலிங்கம் காட்டுக்குள்ள ஒரு பாதை

எங்க ஊரு ஊரணிக்குப் போற வழிய அடைச்சுக்கிட்டு நின்னது, சொர்ணலிங்கம் அண்ணாச்சியோட சீமைக்கருவேலங்காடு. பொம்பளைங்க குடத்தோட ரெண்டு மைல் சுத்திப் போனாங்க. வழி விடுங்கன்னு கேட்டா மனுசன் மீசையத் தடவுவாரு, அம்புட்டுதான்.

மகளிர் குழுவுல காட்டு வேலை மிஷின் ஓட்டுற பாக்கியத்தாய் ஒருநா டீக்கடையில வச்சு அவரப் பிடிச்சுட்டா.

"அண்ணாச்சி, பாதை அகலத்துக்கு மட்டும் காட்ட நாங்களே அழிச்சுக்கிடுதோம்."

"அழிச்சுக்கோட்டி! ஆனா என் மரத்துல ஒரு குச்சி வெளிய போகக்கூடாது. உள்ளயும் குவிச்சு வைக்கக்கூடாது. தீயும் வைக்கக்கூடாது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சா பாதை உங்களுக்கு. இல்லன்னா இந்தப் பேச்சையே எடுக்கப்படாது."

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி, பின்னால நிக்கிறவுகளுக்குக் கேக்கல."

அவரும் பெருமையா மூணு தடவ சொன்னாரு.

மறுநா காலையில அவ கொண்டாந்தது கன்னுக்குட்டி ஒசரத்துல ஒரு மிஷின். அதைப் பாத்து அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்கல. "இது புல்லு மேயவா?"ன்னுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு.

அதுவோ நின்ன மரத்த நின்னபடியே கடிச்சு, தூளாக்கித் துப்பிக்கிட்டே போச்சு. மண்ணோட ஒட்டுன அடித்தூரக்கூட விடல.

சாயங்காலம் வந்து பாக்காரு. மரமில்ல, குவியலில்ல, சாம்பலில்ல. பாதை மட்டும் மெத்துமெத்துன்னு கெடக்கு.

"ஏட்டி! என் மரத்த எந்த லாரியில ஏத்துன?"

"கீழ பாருங்க அண்ணாச்சி, அது மேலதான் நிக்கிய."

குனிஞ்சு ஒரு கை அள்ளிப் பாத்தாரு. அவரு மரமேதான். வாய் தெறக்குமுன்ன முதுகுக்குப் பின்னால ஒரு குரல்:

"அண்ணாச்சி, செத்த ஒதுங்குங்க, குடம் இடிக்கும்."