நரி கட்டாத பந்தயம்

ஒரு காட்டில், கோடை வந்து ஏரி வற்றியதும் நாய்ப் பந்தயம் தொடங்கிவிடும், குழந்தைகளே. ஒட்டிய வயிறும் நெடுங்கால்களும் கொண்ட வேட்டை நாய்கள் காய்ந்த ஏரிக்குள் பறக்காத குறையாக ஓடும். அக்கரை மருத மரத்தை முதலில் தொடும் நாய்க்கு வெற்றி.

பந்தயத்தை நடத்தியது ஒரு நரி. எந்த நாய் ஜெயிக்கும் என்று சொல்லி, விலங்குகள் தங்கள் தீனியை அதனிடம் கட்டும். தோற்றவர்களின் தீனியை ஜெயித்தவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். அதற்கு முன்பே, நடத்துகிற கூலி என்று எல்லாருடைய தீனியிலும் நரி கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளும்.

வரகன் என்ற வெள்ளெலி முதல் நாள் ஒரு பிடி தினை கட்டியது. இரண்டு பிடியோடு வீடு திரும்பியது. அன்றிலிருந்து அதற்கு வேறு நினைப்பே இல்லை.

ஆனால் அதன் பிறகு தோல்விதான். யோசனை சொல்ல மட்டும் ஆளுக்குக் குறைவில்லை.

"போன முறை ஜெயித்த நாயின் மேலேயே கட்டு" என்றது காகம்.

வரகன் கட்டியது. அந்த நாய் வளைவில் சறுக்கி விழுந்தது.

"எல்லாரும் ஒதுக்குகிற நாயைப் பிடி. ஜெயித்தால் அத்தனையும் உனக்கே" என்றது ஆமை.

எல்லாரும் ஒதுக்கியதற்குக் காரணம் இருந்தது. அந்த நாய் கடைசியாக வந்து சேர்ந்தது.

"தோற்றால் அடுத்த முறை இரண்டு மடங்காகக் கட்டு. ஒரு தடவை ஜெயித்தால் போதும், விட்டதெல்லாம் வந்துவிடும்" என்றது குரங்கு.

இது வரகனுக்கு மிகவும் பிடித்துப்போனது. கட்டியது, தோற்றது, இரண்டு மடங்காகக் கட்டியது, மறுபடியும் தோற்றது. வளைக்குள் தானியம் சேர்த்திருந்த அறை மளமளவென்று காலியானது.

அதன் மனைவி சாமை வயிற்றில் குட்டிகளைச் சுமந்துகொண்டிருந்தது. "மேற்கே மேகம் கூடுகிறது. மழைக்காலத்துக்கு வைத்த தானியம் எங்கே?" என்று கேட்டது.

வரகன் தலையைக் குனிந்துகொண்டது. "பந்தயத்தில் விட்டுவிட்டேன். இந்த மூலையில் இருப்பதுதான் மிச்சம். இதை மட்டும் சரியான வழியில் கட்டினால்..."

சாமை கோபப்படவில்லை. "வழி சொன்னார்களே, அவர்கள் வீடெல்லாம் நிறைந்தா கிடக்கிறது?" என்று மட்டும் கேட்டது.

வரகனுக்குத் தூக்கம் வரவில்லை. ஒவ்வொருவர் வீடாக நினைத்துப் பார்த்தது. காகத்தின் கூட்டில் குச்சிகள்தான் இருந்தன. குரங்கு பழத்தையெல்லாம் பந்தயத்தில் தோற்றுவிட்டு இலையைத் தின்றுகொண்டிருந்தது. காட்டிலேயே நரியின் புதரடி மட்டும்தான் நிரம்பி வழிந்தது.

மறுநாள் மிச்சத் தானியத்தை இலையில் மடித்துக்கொண்டு வரகன் ஏரிக்குப் போனது.

"வா வரகா, இன்று எந்த நாய்?" என்றது நரி.

"நீங்கள் எதன் மேல் கட்டுகிறீர்களோ, அதே நாய்."

நரி சிரித்தது. "நான் கட்டுவதில்லையே."

"தினமும் பக்கத்தில் இருந்து பார்க்கிறீர்கள். நாய்களின் ஓட்டம் உங்களைவிட யாருக்குத் தெரியும்? உங்கள் குவியலிலிருந்து ஒரு பிடி வையுங்கள். நான் இது அத்தனையையும் வைக்கிறேன்."

"ஓடுகிற நாயை நம்பி, சேர்த்து வைத்த தீனியை யாராவது கொண்டுபோய் வைப்பார்களா?" என்று நரி சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் சுற்றிலும் பார்த்தது. குரங்கு, நீட்டிய பழத்தை மெல்ல மடியில் வைத்துக்கொண்டது. ஆமை தன் கீரைக் கட்டை இழுத்துக்கொண்டது. நரியின் முன்னால் அன்று ஒரு தானியமும் விழவில்லை.

நாய்கள் அன்றும் ஓடின. வரகன் இலைப் பொட்டலத்தை அணைத்தபடி பார்த்தது. நாய்கள் இவ்வளவு அழகாக ஓடும் என்பது அன்றுதான் அதற்குத் தெரிந்தது.

மழைக்கு முன் வரகனும் சாமையும் காட்டோரத்து அறுத்த வயல்களில் கதிர் பொறுக்கின. தானியம் சிந்திக் கிடக்கும் இடங்களைக் காகம் மேலிருந்து பார்த்துச் சொன்னது. அறை முழுதும் நிறையவில்லை. பாதிக்கு மேல் ஏறியது. முதல் மழை இறங்கிய அன்று குட்டிகள் பிறந்தன. அந்த மழைக்காலம் முழுக்க அவை பசி அறியாமல் வளர்ந்தன.

நீதி: யார் தோற்றாலும் நடத்துபவனுக்கே லாபம் என்றால், அந்த ஆட்டத்தில் சேராமல் இருப்பதே நல்ல உத்தி.