சங்க வண்டியின் பிரேக் பைப்

முதல் அநியாயம், கடற்கரையோரப் பஞ்சாலையைச் சொல்லாமல் கொள்ளாமல் மூடியது. இரண்டாவது, சங்க அலுவலகத்துக்குப் பூட்டுப் போட்டது. மூன்றாவது, பூட்டைக் கேள்வி கேட்ட தலைவர் ஞானதிரவியத்தைச் சிறைக்குள் தள்ளியது. வெளியே வந்த மனிதர் அதிக காலம் இருக்கவில்லை. நான்காவது அநியாயத்தை எந்த முதலாளியும் செய்யவில்லை. தொழிலாளர்கள் ஆளுக்கொரு நாள் கூலி கொடுத்து வாங்கிய, தலைவர் ஊர் ஊராகப் போய்வந்த சிவப்பு மாருதி எண்ணூறை உப்புக்காற்றில் நிற்கவிட்டு நம்மவர்களே மறந்துபோனார்கள்.

மறக்காதவர் தான் ஒருவர்தான் என்று செயலாளர் சுயம்புலிங்கம் நினைத்திருந்தார். முட்டி தேய்ந்த வயதில் வண்டியைக் கட்டி இழுத்துவந்து வீட்டு முற்றத்தில் கொட்டகை போட்டபோது, கூப்பிடாமலே இருவர் வந்தார்கள். ஒருவர் டிங்கர் வேதமுத்து. வேலைநிறுத்தத்தின்போது மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்ததால் மில்லுக்குள் வேலைக்குப் போனவர்; காரணத்தை அன்று யாரும் கேட்கவில்லை. மற்றவர் பிச்சம்மாள். அந்த வண்டியின் டிரைவருக்கு மனைவியாக இருந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே வேலை கற்றவர். கொட்டகைச் சாவி இந்த மூவரிடம் மட்டும் இருந்தது.

மூன்று பேர் கூடினாலும் சுயம்புலிங்கத்துக்கு அது கூட்டம், கூட்டமென்றால் தீர்மானம். சீட் கவர் நிறத்துக்குக்கூடக் கை தூக்கினார்கள். பெரும்பான்மை முடிவு செய்தபின் தோற்றவரும் அதற்கு அடங்க வேண்டும். மீறுபவரின் பெயர் சாட்சிகள் முன் வாசிக்கப்படும். அதோடு சங்கத்தில் அவருக்கு இடமில்லை. அப்படி எத்தனையோ பெயர்களை வாசித்தவர் அவர். குரல் ஒருமுறையும் தடுமாறியதில்லை.

அரித்துப்போன தரைத் தகட்டை வெட்டியெறிந்து, வேதமுத்து புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். பிரேக்குக்கு எண்ணெய் ஊற்றி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார்கள். ஒற்றை ஆளால் ஆகாத வேலை அது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் அடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். வேதமுத்து மிதித்தார், பிச்சம்மாள் திறந்தார். சுயம்புலிங்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தலைமை தாங்கினார்.

பெயிண்ட் வாங்கும் நேரத்தில்தான் சிக்கல். "அந்தச் செவப்பு இப்போ வர்றதில்ல அண்ணாச்சி. கிட்டத்தட்ட ஒண்ணு பாத்து அடிச்சிருவோம்" என்றார் வேதமுத்து.

"அன்னைக்கு மில்லுக்குள்ள போனவன்தானவே நீ. உனக்கு எந்தச் செவப்பும் ஒண்ணுதான்."

அதன்பின் சுயம்புலிங்கத்தின் கை எப்போதெல்லாம் உயர்ந்ததோ, அப்போதெல்லாம் வேதமுத்துவின் கையும் உயர்ந்தது.

கடைசியாக வந்தது, தரைக்கு அடியில் ஓடும் பிரேக் பைப்.

"உள்ளுக்குள்ள இத்துப்போச்சு அண்ணாச்சி. மேல இருக்க பெயிண்டுதான் தாங்கிட்டு நிக்கி" என்றார் பிச்சம்மாள்.

"தலைவரை ஏத்திட்டுப் போன வண்டி பிரேக்கு அது. ஒழுகுதா? இல்லைல்லா? இருக்கட்டும்."

வேதமுத்து குனிந்து பைப்பை நகத்தால் சுரண்டினார். கறுப்பாக ஒரு செதில் உதிர்ந்தது. அதைக் கைலியில் துடைத்துக்கொண்டு செயலாளரின் முகத்தைப் பார்த்தார். பழைய பைப் இருக்கட்டும் என்பதற்கு இரண்டு கைகள். மாற்ற வேண்டும் என்பதற்கு ஒரு கை.

மே தினத்தன்று பழைய தொழிலாளர்கள் முன் வண்டியை ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் மாலை, மற்ற இருவரையும் ஏற்றிக்கொண்டு சுயம்புலிங்கமே ஓட்டி வெள்ளோட்டம் பார்த்தார். பாலத்துச் சரிவில் ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. மிதித்தார். அறைந்தாற்போல வண்டி நின்றது.

"பாத்தீங்களா, தலைவர் பிரேக்கு!" என்று இறங்கினார். பெருமையில் முட்டிவலியை மறந்து அடியில் எட்டிப் பார்த்தார். புத்தம்புதுச் செம்பு பைப் பளபளத்தது.

"நான்தான் மாத்துனேன்" என்றார் பிச்சம்மாள்.

"தோத்தபிறகு அடங்கணும்னு தெரியாதா உனக்கு?"

பிச்சம்மாள் டிக்கியிலிருந்து பழைய பைப்பை எடுத்து வளைத்தார். அப்பளம்போல நொறுங்கியது. "உங்க உசுருக்கும் ஓட்டெடுப்பு நடத்தணுமா செயலாளரே?"

வேதமுத்து வாயைத் திறந்தார்; மூடிக்கொண்டார்.

"நாளைக்குப் பேரை வாசிப்பேன்" என்றார் சுயம்புலிங்கம். சொல்லும்போதே அலுப்பாக இருந்தது. வாசிக்காவிட்டால், ஆயுள் முழுக்க மற்றவர்கள்மேல் ஏவிய விதி பொய்யாகிவிடும். வாசித்தால், கூப்பிடாமலே வந்த மனுஷியைத் தன் வாயாலேயே வெளியே அனுப்பியதாகும். அப்புறம் அந்த வண்டியில் யாரை ஏற்றிக்கொண்டு எந்தக் கூட்டத்துக்குப் போவது?

படிப்பவர்களே, நீங்கள் சொல்லுங்கள். சுயம்புலிங்கம் விவரம் தெரியாமல் முடிவெடுத்தாலும் விதிப்படி நின்றார். வேதமுத்து விவரம் தெரிந்தே கை தூக்கினார். பிச்சம்மாள் உயிரைக் காக்க, ஒளித்து ஒரு காரியம் செய்தார். இதில் யார் செய்தது சரி? மறுநாள் காலை யார் பெயரை வாசிப்பது நியாயம்?

விடை: பைப்பைக் கழற்றினால் காற்று புகும், அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். கொட்டகைச் சாவி வைத்திருந்தவர்கள் மூவர், காற்றை வெளியேற்ற சுயம்புலிங்கம் மிதிக்கவில்லை. அப்படியானால் பெடலை மிதித்தது வேதமுத்துதான். ஏச்சுக்குப் பயந்து அவர் கை பழைய பைப்புக்கு உயர்ந்தது. மனமறிந்து அவர் கால் புதுப் பைப்புக்கு மிதித்தது. பயத்தில் தூக்கிய கையைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆகவே பெரும்பான்மை பிச்சம்மாள் பக்கம். அவர் செய்ததே சரி. எதிரே நின்றவர் ஒருவர்தான். மறுநாள் காலை வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சுயம்புலிங்கத்துக்கு இது விளங்கியது. வண்டிச் சாவியைப் பிச்சம்மாள் கையில் கொடுத்தார். முற்றத்தில் கூடியிருந்த பழைய தொழிலாளர்கள் முன் போய் நின்று, எப்போதும் வாசிக்கும் அதே குரலில் வாசித்தார்: "பெரும்பான்மையை மீறியவர், செயலாளர் சுயம்புலிங்கம்."