மூடியில்லாத மடம்

கதவில்லாத மடம் ஒன்று உண்டு. கதவு மட்டுமா, சோற்றுப் பானைக்கு மூடி கிடையாது, பெட்டிக்குப் பூட்டு கிடையாது. இந்த வழக்கத்தைத் தொடங்கிய பெரியவர், பஞ்ச காலத்தில் இங்கே சீடராக இருந்தவர். பசித்து வருகிறவன் யாரையும் கேட்காமல் எடுத்துச் சாப்பிடட்டும் என்று முதலில் பானை மூடியைத் தூக்கி எறிந்தாராம், அப்புறம் கதவையும் கழற்றினாராம். பஞ்சம் போயும் வழக்கம் போகவில்லை. சோற்றில் ஈ விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்களே ஒழிய, பானையை மூட மாட்டார்கள்.

அங்கே வந்து சேர்ந்தவள் மயிலாத்தாள். நூல் மில்லில் வயரிங் வேலை பார்த்தவள். புருஷன் போன பிறகு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராய்க் கதவைச் சாத்த, சாத்துவதற்குக் கதவே இல்லாத இடம் இது ஒன்றுதான் என்று வந்தாள். குரு அம்பலத்தடிகள் அவளைவிடப் பத்து வயது இளையவர். அதனால் என்ன, அவர் காலில் விழுந்துதான் சீடரானாள்.

குருபூசைக்கு ஒரு பக்தர் கூடத்துக்குப் பெரிய கரண்ட் விளக்கு வாங்கிக் கொடுத்தார். மேலே ஓலைக் கூரை, அதற்குக் கீழே மூங்கில் தட்டி. ஏணியில் ஏறி, தட்டிக்கு மேலே வயர்களை இணைத்துக்கொண்டிருந்தாள் மயிலாத்தாள். மூத்த சீடர் நாச்சிமுத்து அண்ணாந்து பார்த்தார்.

"அதென்ன அம்மிணி, டப்பா?"

"ஜங்ஷன் பாக்ஸுங்க. வயரு சேர்ற எடத்தை இதுக்குள்ள வெச்சு மூடோணும்."

"மூடியா? இந்த மடத்துலயா? டேப்பைச் சுத்திட்டு எறங்கு."

"டேப்பு சூட்டுல எளகிப் போயிருமுங்க. எலி வேற கடிக்கும். மேல பூராம் காஞ்ச ஓலை. ஒரு பொறி போதும், கீழ படுத்திருக்கற சனம் எந்திரிக்காது."

"பெரியவர் காலத்து வழக்கம் இது."

"நெருப்புக்கு அது தெரியுமுங்களா?"

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. ஏணியில் ஏறி டப்பாவைப் பறித்துக்கொண்டு போய், குருவைக் கையோடு கூட்டி வந்தார்.

அடிகள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க நாம எதையும் மூடறதில்லையேம்மா. தெரியாதா?"

"தெரியுமுங்க சாமி."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதானுங்க."

"பொழுது சாய்ஞ்சா சனம் வந்துரும். விளக்கு எரியணும்."

"மூடி போட்டா எரியுமுங்க. இல்லீனா எரியாது."

"நான் சொன்னாலும்?"

இவரும் போகச் சொல்லிவிட்டால் இனிப் போக்கிடம் இல்லை. மயிலாத்தாளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் மாற்றிச் சொல்லவில்லை.

"நீங்க சொன்னாலுந்தானுங்க."

"அப்ப இங்க எப்படிம்மா இருப்பீங்க?"

அவள் இறங்கினாள். துணி மூட்டையை எடுத்துக்கொண்டாள். வேலைக்கு முன்னால் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஃபியூஸ் கட்டையை மட்டும் திருப்பி மாட்டவில்லை. விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள்.

"சாமி! ஃபியூஸைத் தூக்கிட்டுப் போறா பாருங்க!" என்று நாச்சிமுத்து கத்தினார்.

"அம்மா," என்றார் அடிகள். "அது மடத்துப் பொருளாச்சே."

மயிலாத்தாள் திரும்பி நின்றாள்.

"ஆமாங்க. திருடீன்னே சொல்லிக்கோங்க. இதைக் குடுத்துட்டுப் போனா, நான் தெருமுக்குத் தாண்டறதுக்குள்ள இவரு டேப்பைச் சுத்திச் சுவிட்சைப் போட்டுருவாரு."

"போலீசைக் கூப்பிட்டா?"

"கூப்பிடுங்க. அங்க வெச்சுக் கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

அடிகள் நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"பெரியவர் பானை மூடியைத் தூக்கி எறிஞ்சப்ப, மடத்துல இருந்தவங்க என்னய்யா சொன்னாங்க?"

"பைத்தியம்னாங்க. வழக்கத்தைக் கெடுக்கறான், வெளிய போடான்னாங்க."

"கேட்டாரா?"

"அவரு யாரு பேச்சைங்க கேட்டாரு!"

பெருமையாகச் சொல்லிவிட்டு நாச்சிமுத்து சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அடிகள் வாசலுக்குப் போய் டப்பாவை மயிலாத்தாளிடம் நீட்டினார். அவள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். சிரிக்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை. நேரே ஏணிக்குப் போனாள். அடிகள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏணியின் ஒரு காலைப் பிடித்தார்.

மேலே மூடியைத் திருகி முடுக்கும் சத்தம் கேட்டது. நாச்சிமுத்துவுக்கு மனசு ஆறவில்லை.

"சாமி, இந்நேரம் பெரியவர் இங்க இருந்தா என்ன சொல்லுவாரு?"

"ஏணி ஆடுது, அந்தப் பக்கம் பிடிய்யான்னு சொல்லுவாரு."