ஒரு வருஷத்து அச்சார்

பினாங்குத் தீவில் மெய் சின் என்ற பெண், அச்சார் போடக் கற்றுக்கொடுத்து வந்தார். வினிகரில் முக்கிப் பிழிந்த காய்களை மிளகாய் விழுதில் புரட்டி, வறுத்த நிலக்கடலையும் எள்ளும் தூவினால் அச்சார். மெய் சின்னுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

அவரிடம் கற்க வந்த புஷ்பவேணிக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் மெய் சின்னை "டீச்சர்" என்றுதான் அழைப்பார்.

புஷ்பவேணியின் மகள், மலாய்ச் சமையலைத் தன் சமையலாக்கிக்கொண்ட ஒரு சீனக் குடும்பத்துப் பையனை விரும்பினாள். பையனின் அம்மா இன்னும் சரியென்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாகச் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தார். அச்சார் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காதாம்.

சனிக்கிழமை காலை, புஷ்பவேணி ஒரு ஜாடியை அணைத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், வாயில வச்சுப் பாருங்க."

மெய் சின் ஒரு துண்டு வெள்ளரிக்காயைத் தின்றார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார்.

"எவ்வளவு உப்பு போட்டீங்க, ஆண்ட்டி?"

"நீங்க சொன்ன அளவுதான் போட்டேன். அப்புறம் மனசு கேக்கல. கெட்டுப்போயிடுமேன்னு இன்னும் சில பிடி போட்டேன்."

"மேல எண்ணெய் நிக்குதே?"

"நல்லெண்ணெய். காய்ச்சி ஊத்துனா பூசணம் பிடிக்காது."

"எவ்வளவு நாளைக்குத் தாங்கணும்?"

"ஒரு வருஷம் தாங்குனாத்தானே ஊறுகாய்?"

"பையனோட அம்மா எப்ப வர்றாங்க?"

புஷ்பவேணி தரையைப் பார்த்தார்.

"நாளைக்கு."

மெய் சின் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நாங்க இலை ஓரத்துல நகத்தளவு வைப்போம்" என்றார் புஷ்பவேணி. "அதுக்கு இந்த உப்பு சரி."

"அவங்க கிண்ணத்துல அள்ளிப் போட்டுச் சாப்பிடுவாங்க."

"அதான் பயமா இருக்கு. தண்ணி குடிச்சே வயிறு ரொம்பி எழுந்து போயிடுவாங்க. எம் பொண்ணு மூஞ்சிய எப்படிப் பார்ப்பேன்? இதைக் கழுவிடட்டுமா டீச்சர்?"

"கழுவினா உப்பு மட்டுமா போகும்?"

மெய் சின் மேலே நின்ற எண்ணெயை இறுத்தார். ஒரு கூடை வெள்ளரிக்காய், காரட், பயற்றங்காய், ஓர் அன்னாசி எல்லாவற்றையும் புஷ்பவேணியின் முன் வைத்தார்.

"நறுக்குங்க."

"உப்பு கூடிப்போச்சுன்னு சொல்றேன். காயை நறுக்கச் சொல்றீங்களே."

"உப்பு கூடல, ஆண்ட்டி. காய் பத்தல."

இருவரும் நறுக்கினார்கள். அன்னாசியைத் தவிர மற்றக் காய்களை உப்பில்லாத வினிகரில் முக்கித் துணியில் பிழிந்தார்கள். எல்லாவற்றையும் பழைய அச்சாரோடு புரட்டி ஊறவிட்டார்கள். ஜாடி போதாமல் பெரிய பாத்திரத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது.

மாலையில் புஷ்பவேணி ஒரு துண்டு எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். கேட்காமலே இன்னொரு துண்டும் எடுத்தார். தண்ணீரைத் தேடவில்லை.

திங்கட்கிழமை அவர் மறுபடி வந்தார். மெய் சின் இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு ஆண்ட்டி?"

"கிண்ணம் கிண்ணமாச் சாப்பிட்டாங்க டீச்சர். அப்புறம் எம் பொண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாங்க. கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிட்டாங்க. நேத்து ராத்திரிதான் நான் ஒழுங்காத் தூங்குனேன்."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"போகும்போது மிச்சத்தையும் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. என் வீட்டுல ஒரு துண்டு இல்ல. அவ்வளவு பாடுபட்டுப் போட்டது, ஒரு நாள்கூட நிக்கலையே."

"எதுல போட்டுக் குடுத்தீங்க?"

"என்னோட தூக்குச்சட்டியிலதான்."

மெய் சின் கத்தியைத் துடைத்து வைத்தார்.

"வெறும் சட்டியாவா திருப்பி அனுப்புவாங்க, ஆண்ட்டி?"