உச்சிமரப் பலகை

"அம்மா, மூணு பனிக்காலம் உச்சியில இருந்துட்டேன். எனக்கு இன்னும் தீட்சை இல்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்திருக்கிற நீலமேகத்துக்குக் கொடுத்துட்டீங்க. இது என்ன நியாயம்?"

கேட்டவர் ஆவுடையப்பன். வயது அறுபத்திரண்டு. தென்காசிப் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, ஞானம் தேடி இமயமலைக்கு வந்தவர்.

பதில் சொல்ல வேண்டியவர் சுமேதா அம்மா. வயது நாற்பது. ஓடைக்கரையில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தின் குரு. அவருக்கும் அதே ஊர்ப்பக்கம்தான். சீடர் தன்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்.

ஆசிரமத்தில் மொத்தம் ஏழு சீடர்கள். ஆறு பேர் கரையோரத்தில் இருந்தார்கள். ஆவுடையப்பன் மட்டும் மலையின் மேலே, மரங்கள் முடிகிற இடத்தில், ஒரு கல் குடிசையில் இருந்தார். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவராகவே போனார்.

அங்கே ஒரு வேளைச் சாப்பாடு. வெறும் கல்மேல் படுக்கை. கீழே வரும்போதெல்லாம் மற்றவர்கள் காலில் போட்டிருக்கும் கம்பளி உறையைப் பார்ப்பார். பெருமூச்சு மட்டும் விடுவார்.

அம்மா நியாயத்தைப் பற்றிப் பேசவில்லை. ஓடையைக் காட்டினார்.

"பலகைப் பாலம் போன வெள்ளத்துல போயிடுச்சு அண்ணாச்சி. இன்னும் இருபது நாள்ல பனி விழும். அதுக்குள்ள ஒரு மரம் வேணும்."

ஓடையில் இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் கோவேறு கழுதை அதில் இறங்காது. கழுதை வராவிட்டால் மாவு வராது, எண்ணெய் வராது. பனி நாலு மாதம் இருக்கும்.

இது தனக்கு வைத்த பரீட்சை என்று ஆவுடையப்பன் புரிந்துகொண்டார்.

கிராமத்துத் தச்சன் பல்பீர், ஓடைக்கரையிலேயே காற்றில் விழுந்து கிடந்த ஒரு பைன் மரத்தைக் காட்டினான். நூறு அடி இழுத்தால் போதும் என்றான்.

ஆவுடையப்பன் சிரித்தார். தன் குடிசைக்குப் பக்கத்திலும் ஒரு பைன் விழுந்து கிடப்பதாகச் சொன்னார். இனம் ஒன்றுதான். ஆனால் இது சுகமாக வளர்ந்தது; அது பனியிலும் காற்றிலும் நின்றது.

பல்பீர், உச்சிமரத்தை எங்கள் ஊரில் அடுப்புக்குத்தான் எடுப்போம் என்றான்.

நீங்கள் அதன் உள்ளே பார்த்ததில்லை என்றார் ஆவுடையப்பன். அவர் பார்த்திருந்தார். எண்ணியும் இருந்தார். ஒரு சாண் அகலத்துக்குள், வருஷத்துக்கு ஒன்றாக, நூற்று நாற்பது வளையம். கரையோர மரத்தில் அதே சாணுக்கு முப்பதுகூட இல்லை. நூற்று நாற்பது பெரிதா, முப்பது பெரிதா என்று பல்பீரிடம் கேட்டார்.

பல்பீர் நூற்று நாற்பது என்று ஒப்புக்கொண்டான்.

மரத்தை இறக்க ஆறு நாள் ஆயிற்று. நாலு ஆள், இரண்டு வடம். மூன்றாம் நாள் மரம் பிடி விட்டு உருண்டு, ஆவுடையப்பனின் போர்வையையும் சேர்த்துப் பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அவர் கோபப்படவில்லை. மரத்தைத் தட்டிக்கொடுத்தார்.

வழியில் ஓர் ஆட்டிடையர், விறகுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டார். ஆவுடையப்பன் அரை மணி நேரம் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆட்டிடையர் அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார்.

அம்மா மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு பல்பீரிடம் கரையோர மரத்தையும் அறுக்கச் சொன்னார். இரண்டிலும் ஒரே நீளம், ஒரே தடிமன், ஒவ்வொரு பலகை. இரண்டையும் ஓடையின் குறுக்கே பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள்.

பல்பீர் ஒரு மணல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கரையோரப் பலகையில் நடந்தான். நடுவில் நின்று மூன்று தடவை குதித்தான். பலகை வளைந்தது. நிமிர்ந்தது.

அடுத்தது யார் என்று அம்மா இன்னும் கேட்கவில்லை. அதற்குள் ஆவுடையப்பன் தோளுக்கு ஒன்றாக இரண்டு மூட்டையைத் தூக்கிவிட்டார். ஒன்று போதுமே என்று நீலமேகம் மெதுவாகச் சொன்னான்.

"இது தவம் பண்ணின மரம், தம்பி."

நடுவில் போய் நின்றார். முதல் குதி. ஒன்றும் ஆகவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

இரண்டாவது குதி. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். பல்பீர் கண்ணை மூடிக்கொண்டான்.

மூன்றாவதை அவர் தண்ணீருக்குள் போய்த்தான் முடித்தார்.

மூட்டைகள் போய்விட்டன. ஆவுடையப்பன் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் எழுந்து நின்றார். ஒடிந்த பலகையின் ஒரு துண்டு கையில் இருந்தது.

இன்னொரு துண்டை எடுத்துப் பல்பீர் கரையில் குந்தினான். ஒடிந்த இடத்தை நகத்தால் காட்டி, பொறுமையாகச் சொன்னான். கோடை தொடங்கும்போது மரத்துக்குள்ளே வெளுப்பாக, மிருதுவாக ஓர் அடுக்கு வளரும். கோடை முடியும்போதுதான் கறுப்பாக, கெட்டியாக ஓர் அடுக்கு வைக்கும். இரண்டும் சேர்ந்தது ஒரு வளையம். பலம் அந்தக் கறுப்பில். கீழே கோடை நீளம், கறுப்பும் தடிப்பு. மேலே கறுப்பு வைக்க ஆரம்பிக்கும்போதே குளிர் வந்துவிடும். நூல் மாதிரிதான் இருக்கும். வளையம் நிறைய, கெட்டி குறைவு. போதாததற்குக் காற்று நாரையும் முறுக்கிவிட்டிருக்கிறது.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று ஆவுடையப்பன் கேட்டார்.

எந்த எண் பெரிது என்றுதானே கேட்டீர்கள் என்றான் பல்பீர்.

எல்லோரும் கையை நீட்டினார்கள். அவர் பிடிக்கவில்லை. கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு வேலையைப் பார்த்தார்கள். கரையோர மரத்தில் இன்னொரு பலகை அறுத்து, முதல் பலகையோடு சேர்த்து அடித்தார்கள். சற்றுத் தள்ளி நிற்கும்படி அவரை ஒரு தடவை கேட்டுக்கொண்டார்கள். தள்ளி நின்றார்.

முதல் கழுதை மாவோடு அவர் தலைக்கு மேலே கடந்து போயிற்று.

அப்போது அவருக்குப் பளிச்சென்று பட்டது. இனி உச்சிக்குப் போவதில்லை என்று தண்ணீரிலிருந்தே அறிவித்தார். இன்றைக்கே அடுப்படிக்குக் குடிவருவதாகச் சொன்னார். ஆனால் கீழேதான் பலம் என்றால், அடுப்படியைவிட ரிஷிகேஷ் இன்னும் கீழே. ரிஷிகேஷைவிடத் தென்காசி கீழே. கணக்கு அங்கே வந்து நின்றுவிட்டது. அவர் முகம் வாடியது.

அம்மா பாலத்தின் நடுவில் நின்றிருந்தார். ஆவுடையப்பன் அண்ணாந்து பார்த்தார்.

"அம்மா, அப்படின்னா ஒரு மனுஷன் எந்த உயரத்துலதான் இருக்கணும்?"

அம்மா குனிந்தார்.

"இப்ப எங்க இருக்கீங்க, அண்ணாச்சி?"

"தண்ணியில."

"குளிருதா?"

அவர் அப்போதுதான் கவனித்தார். பல் தந்தி அடித்தது.

"ரொம்ப."

"அப்ப ஏறி வாங்க."