பெரிய படகும் சின்னப் படகும் ஒரு மத்தியானத் தூக்கமும்

அலையாத்திக் காட்டுக்குள் ஓர் உப்பங்கழி இருந்தது. அந்தத் தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்று அங்கேயே பிறந்த மீன்களுக்குக்கூடத் தெரியாது. காலையில் இறங்கும் பனி, எழுந்து போக மனசு வராமல் வெகுநேரம் தண்ணீர்மேலேயே படுத்துக் கிடக்கும்.

அந்தக் கழியில் ஆழமான மடு ஒன்றில் கெளுத்தியான் என்ற நீர்நாயும் அவன் மனைவி சிப்பியும் குடியிருந்தார்கள். சித்திரை வெயிலிலும் வற்றாத மடு அது. மீனுக்குக் குறைவே இல்லை. ஆனால் சிப்பியின் பின்னங்கால் ஒரு கிழிந்த நண்டு வலையில் சிக்கி, வளைந்து போயிருந்தது. பக்கத்தில் நீந்துவாள். தூரம் போக முடியாது.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. கழி கடலோடு சேரும் முகத்துவாரத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பச்சைத் தண்ணீரும் நீலத் தண்ணீரும் தொட்டுக்கொள்ளும் அந்த இடத்தில்தான் அவர்கள் முதன்முதலில் சந்தித்தார்கள்.

"ஏங்க, தை பொறந்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல மணல் வந்து முகத்துவாரத்தை அடைச்சிடும். அப்புறம் அடுத்த மழைக்குத்தான் தொறக்கும். அதுவரைக்கும் இந்தக் கால் தாங்குமான்னு தெரியல" என்றாள் சிப்பி.

"நீ எதுக்குக் கவலைப்படுற? உனக்காக ஒரு படகு வாங்கிடுறேன். மோட்டார் படகு!" என்றான் கெளுத்தியான்.

அந்தப் பக்கத்தில் படகு விற்பவன் நரி வாகீசன். பேச்சிலேயே நண்டை வளையிலிருந்து வெளியே வரவழைத்துவிடுவான். அவனுடைய துறையில் இரண்டு மோட்டார் படகுகள் கட்டிக் கிடந்தன.

ஒன்று பெரியது. வெள்ளை வெளேரென்று இருந்தது. மாடி வைத்த படகு. உள்ளே இரண்டு படுக்கையறைகள். ஹாரனை அமுக்கினால் காட்டுக்கே தூக்கிவாரிப் போடும். மற்றது சின்னது. பாசிப் பச்சை நிறம். ஒரே அறை, ஒரே படுக்கை. கூரை தாழ்ந்திருந்ததால் கொக்கு ஏறினால் கழுத்தை மடக்கித்தான் உட்கார வேண்டும்.

"சின்னதுக்கு இந்தக் கோடை முழுக்க எனக்கு நண்டு பிடிச்சுக் குடுத்தாப் போதும் அண்ணே. பெரிசுக்கு உங்க மடுவை எழுதிக் குடுத்துடணும். படகுலயே ரெண்டு ரூம் இருக்கும்போது மடு எதுக்கு?" என்றது நரி.

சிப்பிக்குச் சுருக்கென்றது. "முகத்துவாரத்துக்குப் போற வழியில சுரபுன்னை மரமெல்லாம் வளைஞ்சு கவிஞ்சிருக்குமே! அதுக்குள்ள இந்தப் பெரிய படகு நுழையுமா?" என்று கேட்டாள்.

"அண்ணி! இது படகு இல்ல, அரண்மனை! இதைப் பார்த்தா மரமே ஒதுங்கி வழி விடும்!"

கெளுத்தியான் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் கண் ஏற்கெனவே மாடியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆசை வந்துவிட்டால் அறிவு கொஞ்சம் வெளியே போய்க் காற்று வாங்கும் என்பது நீர்நாய்களுக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

அந்தக் கழியில் ஒரு வழக்கம் உண்டு. படகு வாங்குகிறவர்கள் அதில் ஒரு மத்தியானம் தூங்கிப் பார்க்க வேண்டும். அந்தத் தூக்கத்தில் வரும் கனவுதான் படகின் மனசு என்பார்கள். கனவு பிடித்திருந்தால், வாலைத் தண்ணீரில் நனைத்து "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் முடிந்தது. பிறகு பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது.

"முதல்ல பெரிசுல தூங்குவோம்!" என்றான் கெளுத்தியான்.

இருவரும் ஏறினார்கள். "ஆளுக்கொரு ரூம் அண்ணே. ராஜா வீட்டுல அப்படித்தான்" என்று சொல்லி நரி அவர்களைப் பிரித்துப் படுக்க வைத்தது.

மத்தியான வெயிலில் கழியே சொக்கிப்போய்க் கிடந்தது. தண்ணீரின் வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து கூரையில் ஆடியது. படகு மெல்ல அசைந்தது. கல்லுக்கும் கண் அசரும் நேரம்தான். ஆனால் சிப்பிக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பக்கம் புரண்டாள். அந்தப் பக்கம் புரண்டாள். கடைசியில் எழுந்து, நொண்டி நொண்டி, கணவனின் அறைப் பக்கம் போனாள்.

கதவு இடுக்கில் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கெளுத்தியான் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். நரி அவன் காதோடு வாய் வைத்துக் குசுகுசுவென்று ஓதிக்கொண்டிருந்தது.

"கொக்குங்க கரையில வரிசையா நிக்குது... ஆமைங்க கழுத்தை நீட்டிப் பாக்குது... முதலையே ஒதுங்கி வழி விடுது... இது யாரு படகு? இது யாரு படகு? கெளுத்தியான் படகு!"

தூக்கத்திலேயே கெளுத்தியானின் மீசை துடித்தது. அவன் சிரித்தான். அவ்வளவு சந்தோஷமாக அவன் சிரித்து சிப்பி வெகு காலமாகப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கலைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஓசைப்படாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். மடுவும் போகப் போகிறது, முகத்துவாரமும் போகப் போகிறது என்று நினைத்ததும் அழுகை வந்தது.

வெயில் தாழ்ந்தது. கெளுத்தியான் துள்ளி எழுந்தான்.

"சிப்பி! என்ன கனவு தெரியுமா! இந்தப் படகுதான்! வேற பேச்சே இல்ல!"

படகின் ஓரத்துக்கு ஓடி வாலைக் கீழே தொங்கவிட்டான். தண்ணீருக்கும் வால் நுனிக்கும் நடுவில் ஒரு தும்பி பறக்கிற அளவு இடம்தான் இருந்தது.

"இருங்க!" என்றாள் சிப்பி. "உங்க கனவை நான் சொல்லட்டுமா? கொக்குங்க வரிசையா நின்னுச்சா?"

"ஆமா!"

"ஆமைங்க கழுத்தை நீட்டிச்சா? முதலை வழி விட்டுச்சா? யாரு படகுன்னு எல்லாரும் கேட்டாங்களா?"

"அட! உனக்கும் அதே கனவா?"

"நான் தூங்கவே இல்லீங்க. முழிச்சிக்கிட்டேதான் உங்க கனவைக் கேட்டேன். வாகீசன் உங்க காதுல ஓதிக்கிட்டிருந்தான்."

"ஐயோ அண்ணி! அபாண்டம்! நான் ஈ ஓட்டிக்கிட்டிருந்தேன்!" என்று நரி கூவியது.

சிப்பி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது கெடக்கட்டும். அந்தக் கனவுல நான் எங்க உக்காந்திருந்தேன்?" என்று கணவனைக் கேட்டாள்.

கெளுத்தியான் கண்ணை மூடி யோசித்தான். மாடியில் பார்த்தான். அவள் இல்லை. அறைகளில் பார்த்தான். இல்லை. கரையில் நின்ற கூட்டத்துக்குள்கூடத் தேடிப் பார்த்தான். கொக்கு இருந்தது, ஆமை இருந்தது, முதலைகூட இருந்தது. சிப்பி மட்டும் இல்லை.

வாலை மெதுவாக மேலே இழுத்துக்கொண்டான்.

"உன்னைச் சொல்ல வாகீசன் மறந்துட்டான்" என்றான். பிறகு, "அவன் மறந்தா மறந்துட்டுப் போறான். நான் எப்படி மறந்தேன்?" என்றான்.

"சரி விடுங்க" என்றாள் சிப்பி.

"நீ ஏன் தூங்கல?"

"உங்க குறட்டை கேக்கலையே."

"என் குறட்டையா? அதுக்குத்தான் தெனமும் என்னைத் திட்டுவியே!"

"திட்டிக்கிட்டேதானே தூங்குவேன்!"

மறுநாள் மத்தியானம் இருவரும் சின்னப் படகில் ஏறினார்கள். நரியும் காதில் ஓதலாம் என்று பின்னாலேயே வந்தது. ஆனால் ஒரே அறையில் இரண்டு நீர்நாய்கள் படுத்த பிறகு அதன் மூக்கு நுழையத்தான் இடமிருந்தது. அந்த மூக்கின்மேல் கெளுத்தியானின் குறட்டை புயலாக அடித்தது. நரி தும்மிக்கொண்டே ஓடிவிட்டது.

சிப்பி படுத்ததுதான் தெரியும். சாயங்காலம்தான் கண் விழித்தாள்.

"என்ன கனவு வந்துச்சு?" என்று நரி கரையிலிருந்து எரிச்சலோடு கேட்டது.

"இவ வால் என்மேல கெடக்குற மாதிரி ஒரு கனவு" என்றான் கெளுத்தியான். "முழிச்சுப் பார்த்தா, நெஜமாவே கெடக்கு!"

வாலைத் தண்ணீரில் நனைத்தான். "எடுத்துக்கிட்டேன்!" என்றான்.

அடுத்த நாள் விடியலில், பனி எழுந்திருக்கும் முன்பே அவர்கள் புறப்பட்டார்கள். மோட்டார் தூக்கத்தில் முனகுவதுபோல் ஓடியது. சுரபுன்னை மரங்கள் இரண்டு பக்கமும் குனிந்து கூரையாகக் கவிந்திருந்தன. இலைகள் படகின் தலையைத் தடவிவிட்டன. ஓரிடத்தில் வேர்கள் மிகவும் தாழ்ந்து தொங்கின. சின்னப் படகே உரசிக்கொண்டுதான் போனது. கெளுத்தியான் அந்த வேர்களைத் திரும்பிப் பார்த்தான். அன்றைக்கே கேட்டேனே என்று சிப்பி சொல்லிக்காட்டவில்லை. நல்ல மனைவி, பாவம்.

முகத்துவாரத்தில் மணல் இரண்டு பக்கமிருந்தும் நெருங்கி வந்திருந்தது. நடுவில் சின்னப் படகு ஒன்று போகும் அளவுக்குத்தான் வழி மிச்சமிருந்தது. அதற்குள் படகு நுழைந்து நின்றது. ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர், ஒரு பக்கம் நீலத் தண்ணீர். சிப்பி தன் வளைந்த காலை வெளியே நீட்டினாள். கடல் நுரை வந்து அதைத் தொட்டுவிட்டுப் போனது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாக்கணும் பாக்கணும்னு வந்துட்டு இப்பத் தூங்குறியா?" என்றான் கெளுத்தியான்.

"தூங்கல. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் சிப்பி.

அவர்கள் மடுவுக்குத் திரும்பிய மறுநாள் மணல் முகத்துவாரத்தை மூடிவிட்டது. பெரிய படகு இன்னமும் நரியின் துறையில்தான் கட்டிக் கிடக்கிறது. விற்காத சலிப்பில் நரி சில மத்தியானங்களில் அதில் ஏறிப் படுத்துப் பார்க்கிறது. காதில் ஓத ஆளில்லாததால் அதற்கு ஒரு கனவும் வருவதில்லையாம்.

ஒரு பொருளை யாருக்காக வாங்குகிறோமோ அவர்களுக்கு அதில் இடமில்லை என்றால், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் நமக்குச் சிறியதுதான்.