கண்ணால் எடுத்த குரூப் போட்டோ

கீழப்பனையூரில் உலக ஞானம் உள்ளவர்கள் மூன்று பேர். இது ஊரார் சொன்னதல்ல; அந்த மூன்று பேரும் தங்களுக்குள் பேசி முடிவு செய்தது. மோட்டார் கடை பலவேசம், பாத்திரக்கடை சிவசைலம், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கோமதிநாயகம். மூவரும் வாட்ஸ்அப்பில் ‘உலக நண்பர்கள்’ என்று ஒரு குரூப் வைத்திருந்தார்கள். உலகத்திலிருந்து வேறு யாரும் அதில் சேரவில்லை. பலவேசம்தான் அட்மின்.

தினமும் காலையில் மூவரும் டீக்கடை பெஞ்சில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் ரோஜாப்பூ வைத்த காலை வணக்கம் அனுப்பிக்கொள்வார்கள். பதில் வரத் தாமதமானால் பலவேசத்துக்குக் கவலையாகிவிடும். பக்கத்தில் இருக்கிற ஆளைத் திரும்பிப் பார்க்கமாட்டார், ‘நலம்தானே?’ என்று இன்னொரு செய்தி போடுவார். எந்தக் காரியமானாலும் மூன்று கட்டைவிரல் படம் விழுந்தால்தான் முடிவு. அது குரூப்பின் சட்டம்.

நாம் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் நம் போன் எங்கே என்று தேடாமல் இருந்தால் சரி.

ஒரு நாள் பலவேசத்தின் மனைவி ஆவுடையம்மாள் இட்லிக் கொப்பரையை எடுக்கப் பரணில் ஏறினாள். ஏணி சரிந்துவிட்டது. மேலே மாட்டிக்கொண்டு கூப்பாடு போட்டாள். கீழே நாற்காலியில் இருந்த பலவேசத்தின் காதில் சத்தம் விழத்தான் செய்தது. பொறுப்புள்ள மனிதர் அல்லவா, உடனே குரூப்பில் போட்டார்: ‘எங்கோ ஒரு பெண் உதவி கேட்டு அலறுகிறாள். அதிகம் பகிரவும்.’ சிவசைலம் ஒரு கும்பிடு போட்டார். கோமதிநாயகம், இது பழைய வதந்தி, யாரும் நம்ப வேண்டாம் என்று எழுதினார். அதைப் படித்த பிறகுதான் பலவேசத்துக்கு நிம்மதி வந்தது.

ஆவுடையம்மாள் பரணில் கிடந்த பழைய புடவையை உத்திரத்தில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்கியதில் கணுக்கால் பிசகிவிட்டது. இனிமேல் போனைக் கையால் தொடக்கூடாது என்று புருஷனுக்கு உத்தரவு போட்டாள். பலவேசம் மனைவி சொல்லைத் தட்டாதவர். கையால் தொடவே இல்லை. போனைத் தரையில் வைத்து, கால் கட்டைவிரலால் தட்ட ஆரம்பித்தார். எழுத்துப் பிழை வெகுவாகக் குறைந்திருக்கிறதே, யாரை வைத்து எழுதுகிறீர் என்று கோமதிநாயகம் விசாரித்தார்.

கால் கட்டைவிரல் போனில் ஓடுவதைப் பார்த்த அன்றைக்குத்தான் ஆவுடையம்மாள் துணிப்பையை எடுத்து வாசலருகே வைத்தாள்.

“இந்த வீட்டுல ஒரு மனுஷி இருக்காங்கதே ஒங்களுக்குத் தெரியல. போனை வச்சிட்டு எந்த வெளிநாட்டுக்காவது போயிட்டு வாங்க. உலகம் எம்புட்டுப் பெருசுன்னு பாருங்க. வந்து என் முன்னால உக்காந்து, பாத்ததை வாயால சொல்லுங்க. சொன்னா இங்க இருக்கேன். இல்லைன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருதேன்.”

கத்திச் சொல்லியிருந்தால் பலவேசம் பயந்திருக்கமாட்டார். அவள் மெதுவாகச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து ஆவுடை மெதுவாகப் பேசி அவர் கேட்டதே இல்லை.

குரூப் அவசரமாகக் கூடியது. அட்மின் மட்டும் வெளிநாடு போனால் குரூப் அநாதையாகிவிடும் என்று கோமதிநாயகம் எடுத்துச் சொன்னதால், மூவருமே மலேசியாவிலுள்ள பினாங்குத் தீவுக்குப் போவதென்று முடிவாயிற்று. மூன்று போன்களும் ஆவுடையம்மாளின் அரிசிப் பானைக்குள் போயின. திருச்சியில் விமானம் ஏறும்வரை சிவசைலம் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு கைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சோப்பு டப்பா ஒன்றை அதில் போட்டுக்கொண்டார்.

விமானம் கிளம்பியதும் பலவேசம் ஜன்னல் பக்கம் திரும்பினார். கோமதிநாயகம் அவர் தலையைப் பிடித்துக் குனிய வைத்தார்.

“என் பழைய போன் ஏன் நின்னு போச்சு தெரியுமாவே? கண்டதையும் ஏத்தி இடம் நெறைஞ்சு போச்சு. தலையும் அப்படித்தான். போற வழியெல்லாம் பாத்து நெறைச்சிட்டா, முக்கியமானது வரும்போது எங்க வைப்பீரு? அப்புறம் ஆவுடை மதினிட்ட என்னத்தச் சொல்லுவீரு?”

பலவேசம் குனிந்தபடியே கேட்டார்: “அப்ப எப்படித்தான் பாக்கது?”

“எல்லாரும் குனிஞ்சுக்கிடணும். ஒருத்தர் மட்டும் நிமிந்து, என்ன இருக்குன்னு சொல்லணும். பாக்கத் தகுந்ததுதான்னு மூணு கட்டைவிரலும் எந்திரிச்சா, மத்தவங்களும் நிமிந்து பாக்கலாம்.”

மூன்று கட்டைவிரல்கள் எழுந்தன. குனிவதற்குத் தனியாகப் பழக வேண்டியிருக்கவில்லை. கழுத்து வழக்கமான இடத்தில் தானாகப் போய் நின்றுகொண்டது.

பினாங்கில் நிமிர்கிற வேலை சிவசைலத்துக்கு. பஸ்ஸில் போகும்போது, மலை மேல் பெரிய கோயில் ஒன்று தெரிகிறது, அடுக்கடுக்காக இருக்கிறது என்றார். தென்காசிக் கோபுரத்தைவிடப் பெரிதா சிறிதா என்று கோமதிநாயகம் குனிந்தபடியே கேட்டார். அடுக்கை எண்ணாமல் சொல்ல முடியாது என்றார் சிவசைலம். எண்ணி, விவாதித்து, கட்டைவிரல் மூன்றும் எழுந்து, தலைகள் நிமிர்ந்தபோது பஸ் ஒரு டயர்க் கடை முன்னால் நின்றது. ஓட்டுப் போட்டு நிமிர்ந்தாகிவிட்டது, வீணாக்கக் கூடாது. மூவரும் டயர்க் கடையை அங்குலம் விடாமல் பார்த்தார்கள். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

காலை வணக்கத்தை நிறுத்துவதற்கு யாருக்கும் மனம் வரவில்லை. மூவரும் ஒரே அறையில்தான் தங்கியிருந்தார்கள். ஆனாலும் விடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, மற்ற இரண்டு கட்டில்களுக்கும் போய், ஆளுக்கொரு பூவை நீட்டி வணக்கம் சொன்னார்கள். ரோஜா கிடைக்காததால் விடுதி வாசலிலிருந்த செம்பருத்தியைப் பறித்தார்கள். செடி மொட்டையான பிறகு, அது அந்த நாட்டின் தேசியப் பூ என்று விடுதி மேலாளர் வந்து வருத்தத்தோடு தெரிவித்தார். அதையும் சிவசைலம் மற்ற இருவரிடமும் போய், ஃபார்வர்டு செய்கிற மாதிரி ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். இருவரும் மேலாளர் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் சண்டை. மீன் குழம்பில் புளி கூடுதலா என்பதுதான் விஷயம். சிவசைலம் கோபித்துக்கொண்டு, நான் குரூப்பை விட்டு விலகுகிறேன் என்று எழுந்து வெளியே போய்விட்டார். போன வேகத்தில் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே வரவேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். விலகியவரை அட்மின் சேர்த்தால்தானே வரமுடியும்? பலவேசத்தின் கையோ குழம்பில் இருந்தது. அவர் நிதானமாகச் சாப்பிட்டு, மோர் குடித்து, கை கழுவி, துடைத்து, வெளியே வந்து சிவசைலத்தின் தோளைத் தட்டிச் சேர்த்தார். சிவசைலம் சொட்டச் சொட்ட உள்ளே வந்து நன்றி சொன்னார். பையிலிருந்த சோப்பு நுரைத்திருந்தது.

கடைசி நாள் படகுத்துறைக்கு வந்தார்கள். அங்கேதான் பலவேசத்துக்குத் திடீரென்று புத்தியில் உறைத்தது. வாயால் சொன்னால் மட்டும் ஆவுடை நம்புவாளா? போட்டோ வேண்டாமா? உடனே ஓட்டெடுப்பு நடத்தி, மூவரும் நிமிர்ந்து ஆள் தேடினார்கள். பெஞ்சில் ஒருவர் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். பெயர் வீராசாமி, அந்த ஊர்த் தமிழர், லாரி ஓட்டுகிறவர். ஒரு போட்டோ எடுக்க முடியுமா என்று கேட்டதும் சந்தோஷமாக எழுந்து போனுக்குக் கை நீட்டினார்.

“போன் வீட்டுல இருக்கு,” என்றார் பலவேசம்.

பரவாயில்லை, என் போனில் எடுத்து அனுப்புகிறேன் என்று வீராசாமி தன் போனை வெளியே எடுத்தார். மூவரும் பாம்பைப் பார்த்தவர்கள் மாதிரி பின்வாங்கினார்கள். போன் வாடையே ஆகாது என்று வீட்டில் உத்தரவு, தயவுசெய்து கண்ணாலேயே எடுத்துவிடுங்கள் என்று பலவேசம் கும்பிட்டார். வீராசாமி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாவமாக இருந்திருக்க வேண்டும். கடலைத் தோலைத் தட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய், ஒரு முழங்காலை மடக்கி, உற்றுப் பார்த்தார்.

“எடுத்தாச்சு லா. எங்க அனுப்பணும்?” என்று மலேசிய வழக்கப்படி ஒரு ‘லா’ சேர்த்துக் கேட்டார்.

பலவேசம் விலாசம் சொன்னார். தென்காசிப் பக்கம் என்றதும் வீராசாமி முகம் மலர்ந்தது. அவருடைய குலதெய்வம் அந்தப் பக்கத்துச் சாஸ்தாதானாம். பங்குனி உத்திரத்துக்கு வரும்போது கையோடு கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்றார்.

ஊர் திரும்பியதும் பலவேசம் ஆவுடையம்மாள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பை வாசலருகே அப்படியே இருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். பினாங்கில் கடை வாசல்களில் எல்லாம் தரையில் பூப்போட்ட ஓடு பதித்திருக்கிறார்கள். ஒரு கடைக்குப் பச்சைக் கொடி, அடுத்த கடைக்கு ஊதா நட்சத்திரம். சாக்கடை மூடிகளில் ஓட்டை வட்டமாக இல்லை, நீளமாக இருக்கிறது. அங்கே பாதிப்பேர் போடுவது ரப்பர்ச் செருப்புதான்.

ஆவுடையம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். “மூஞ்சி எதையும் பாக்கலையா?”

பலவேசம் விழித்தார். டயர்க் கடைக்காரரைப் பார்த்தேன், பாதி ஷட்டர் வரைக்கும் என்றார். அவள் எழுந்து பையைத் தூக்கினாள். அவர் பதறிப்போய், போட்டோ வருகிறது, பங்குனி உத்திரத்துக்கு வந்துவிடும் என்றார். எங்கே இருக்கிறது என்று கேட்டாள். வீராசாமி கண்ணுக்குள்ளே என்றார். ஆவுடையம்மாள் பையைக் கீழே வைத்தாள். “அந்த மனுஷன் வரட்டும். அதையும் பாத்துட்டே போறேன்.”

பங்குனி உத்திரம் வரை பலவேசம் போன் பக்கம் போகவில்லை. அரிசிப் பானையைக் கடக்கும்போது கால் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் துடிக்கும். சாயங்காலம் அவள் கணுக்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். பேச வேறு சரக்கு இல்லாததால் ஓடுகளைப் பற்றியே தினமும் சொன்னார். அந்த ஊதா நட்சத்திரத்துக்கு எத்தனை முனை என்று ஒருநாள் அவளே கேட்டாள். இவள் போய்விட்டால் இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று நினைத்து அவருக்கு அழுகை வந்துவிட்டது.

சொன்னபடியே வீராசாமி வந்தார். சாஸ்தாவுக்குப் பொங்கல் வைத்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு நேராக இங்கே வந்திருந்தார். உலக நண்பர்கள் கைகட்டி நின்றார்கள். ஆவுடையம்மாள் பைக்குப் பக்கத்தில் நின்றாள். வீராசாமி கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

“கடல் தெரியுது. பின்னால ஒரு படகு வருது. இடப்பக்கம் ஒருத்தரு மூக்கைச் சொறியறாரு.” கோமதிநாயகம் தலை குனிந்தார். “வலப்பக்கம் ஒருத்தரு பையில சோப்பு நுரை. நடுவுல நிக்கறவரு…” வீராசாமி நிறுத்தினார். “நடுவுல நிக்கறவரு கண்ணை மூடிட்டாரு லா.”

சிவசைலம் தலையில் அடித்துக்கொண்டார். எந்தக் குரூப் போட்டோவானாலும் இப்படி ஒரு ஆள் வந்து சேர்ந்துவிடுகிறது. படத்தில் நடுவில் நின்ற பலவேசம் வாசலைப் பார்க்கவே பயந்தார்.

“அம்புட்டுத் தூரம் போயி, கண்ணை எதுக்கு மூடுனீங்க?” ஆவுடையம்மாளின் குரல் மெதுவாகத்தான் வந்தது.

“நீ வந்திருந்தா எந்தப் பக்கம் நிப்பன்னு நெனைச்சுப் பாத்தேன். கண்ணைத் தொறந்து வச்சா அது தெரியல.”

ஆவுடையம்மாள் பையை எடுத்தாள். வாசலுக்குப் போகாமல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

“எந்தப் பக்கம் நின்னேன்?”

“வலது பக்கம்.”

சிவசைலத்தை நகரச் சொல்லிவிட்டு அவள் பலவேசத்தின் வலது பக்கம் வந்து நின்றாள். கண்ணைச் சிமிட்டினால் தெரியும் சேதி என்று புருஷனை எச்சரித்தாள். பலவேசம் கண்ணில் தண்ணீர் முட்ட, இமைக்காமல் நின்றார். வீராசாமி இரண்டடி பின்னால் போய் முழங்காலை மடக்கினார்.

“ஒரு நிமிஷம்,” என்றார் கோமதிநாயகம். “மொதல்ல எடுத்தது வீணாப் போச்சுல்லா, அதை அழிச்சிரும்வே. சும்மா இடத்தை அடைக்கும்.”

நியாயம்தான் என்றார் வீராசாமி. கண்ணை இறுக மூடி, தலையை இரண்டு பக்கமும் நன்றாக உதறினார். பிறகு கண்ணைத் திறந்து, எதிரே வரிசையாக நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“வணக்கங்க,” என்றார். “நீங்கல்லாம் யாரு?”

சுத்தமாக அழிந்திருப்பதில் உலக நண்பர்களுக்குத் திருப்தி. மூன்று கட்டைவிரல்கள் எழுந்தன. கொஞ்சம் யோசித்துவிட்டு ஆவுடையம்மாளும் தன் கட்டைவிரலைத் தூக்கினாள்.